எட்டாயிரத்து ஒன்றாம் வாசல்

ஜனவரி 4, ஞாயிறு

கல்லூரி அரங்கத்தில் இரண்டு வாரம் விடுப்பு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தாயிற்று. ஆண்டு விழா நேரத்தில் லைட் ஆபரேட்டர் இல்லாமல் எப்படி என்று முதல்வர் இழுத்தார். குடும்ப விஷயம் என்றேன். அதுவும் உண்மைதான்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்ப் பையன்கள் சேர்ந்து திருவிழா நாடகத்துக்குப் புது லைட் கன்சோல் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். பழையதில் கைப்பிடிகளை ஏற்றி இறக்கியே என் விரல் தேய்ந்துபோயிற்று. இது உள்ளே கம்ப்யூட்டர் வைத்தது. ஒலிபெருக்கி போடும் சந்தியாகு அண்ணனின் லேப்டாப்பில் வசனம் ஓட ஓட, லேப்டாப்பே கேபிள் வழியாகக் கன்சோலுக்குத் தகவல் சொல்லும், வெளிச்சம் தானாக மாறும். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமாம். பார்ப்போம்.

எங்கள் நாடகத்தில் யாரும் மேடையில் பேசுவதில்லை. கடல் காற்றில் மைக் பிடித்துப் பேசினால் பாதிதான் கேட்கிறது என்று, எட்டு வருடத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டார்கள். நடிப்பவர்கள் வாயசைப்பார்கள். கதை ஊருக்கே உரியது. புயலில் மிதந்து வந்த மாதா சுரூபத்தைக் கரைசேர்த்துவிட்டு, தான் கடலோடு போன தோணித் தலைவன் பாவுலுவின் கதை. பாவுலுவுக்குக் குரல் என் தம்பி லிகோரி. இத்தனை வருடம் நடித்ததும் அவனேதான், லைட் போட்டது அக்கா நான்.

பூசை முடிந்து நாடகக் கமிட்டி கூடியது. இந்த முறை பாவுலுவாக ஸ்டார்வின் நடிக்கிறான். குரலையும் மாற்றிவிடலாமா என்று ஒருவர் மெல்ல ஆரம்பித்தார். லிகோரியின் குரல் இல்லை என்றால் லைட்டும் இல்லை என்று சொன்னேன். அதோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

நவம்பர் புயலன்று ஒரே வள்ளத்தில் ஐந்து பேர் கடலுக்குப் போனார்கள். மூன்று பேர் கரையேறினார்கள். ஒருவரின் உடல் ஒதுங்கியது. லிகோரி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ஊரில் எல்லாரும் அவனைப் பற்றி 'இருந்தான்', 'செய்தான்' என்று பேசப் பழகிவிட்டார்கள். கரையேறிய மூவரில் ஸ்டார்வினும் ஒருவன். அவன்மேல் தப்பு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவனைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜனவரி 5, திங்கள்

கன்சோலும் லேப்டாப்பும் ஒன்றோடொன்று பேச மறுத்தன. கேபிளை மாற்றினேன், நடுவில் இருக்கும் பெட்டியை மாற்றினேன், சந்தியாகு அண்ணனைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகவரி. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார், பாவம். லேப்டாப்பின் எண்ணை மாற்றினேன். உடனே பேசிக்கொண்டன.

சாயங்காலம் சாளை மீன் மலிவாக வந்திருந்தது. குழம்பு வைத்து ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் கொண்டுபோனேன். லிகோரியின் மனைவி. அடுத்த தெருதான். கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள், உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அவள் கழுத்தில் ஒன்றும் இல்லை. தாலியை எப்போது கழற்றினாள் என்று கேட்காமலே திரும்பினேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவன் திரும்பி வந்து கேட்டால் யார் பதில் சொல்வது?

ஜனவரி 6, செவ்வாய்

திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். கோயிலிலிருந்து கடற்கரை வரை கம்பத்துக்குக் கம்பம். இன்றே சோதனையை ஆரம்பித்தேன்.

புயல் காட்சியைத் தேர்ந்தெடுத்தேன். மின்னல், நீல அலை, இருட்டு, மறுபடி மின்னல் என்று வெளிச்சம் அதிகம் மாறுவது அதில்தான். அது சரியாக ஓடினால் மற்றது எல்லாம் ஓடும். காட்சியின் முடிவில் பாவுலு சுரூபப் பெட்டியைத் தோழர்களிடம் தள்ளிவிட்டுக் கத்துவான்: "கயிறு எட்டவில்லையே, இன்னும் வீசுங்கள், இன்னும் வீசுங்கள்." அந்த இடத்தில் எல்லா விளக்கும் அணைந்து ஒரே ஒரு நீலம் மட்டும் நிற்க வேண்டும். காலையில் மூன்று தடவை ஓட்டினேன். மத்தியானமும் ஓட்டினேன். அரை நொடி பிந்துகிறதோ என்று சந்தேகமாக இருந்ததால் சாயங்காலம் இன்னும் கொஞ்சம் ஓட்டினேன்.

லிகோரியின் தொண்டை அந்தக் கடைசி 'வீசுங்கள்' என்ற சொல்லில் லேசாகக் கம்மும். அன்று ஸ்டுடியோவில் அவனுக்குச் சளி. வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

டீக்கடைக்காரருக்கு என்ன கேடோ, நான் சோதனை தொடங்கினாலே டிவியை அலறவிடுகிறார். பொதுக் காரியம் நடக்கிறதே என்ற எண்ணம் யாருக்கும் கிடையாது.

ஜனவரி 7, புதன்

புயல் காட்சி இன்றும் நன்றாக ஓடியது. பல தடவை.

ஜனவரி 8, வியாழன்

காலையில் கமிட்டியார் வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். நேற்றிரவு நான் சாப்பிடப் போன பிறகு ஓட்டிப் பார்த்தார்களாம். வசனம் வருகிறதாம், லைட் அசையவே இல்லையாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்கள் எதிரிலேயே சந்தியாகு அண்ணனை ஓட்டச் சொன்னேன். மின்னல் மின்னலாக வந்தது. என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சந்தியாகு அண்ணன் மட்டும் போகாமல் நின்றார். முப்பது வருடமாக ஊருக்கு ஒலிபெருக்கி போடுகிற மனிதர், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். ஏதோ சொல்ல வந்தவர் போலத் தொண்டையைச் செருமிவிட்டு, கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தார்.

சாயங்காலம் ஒத்திகை. ஸ்டார்வினுக்கு மற்ற காட்சிகளில் உதடு நன்றாகவே ஒட்டுகிறது. புயல் காட்சிக்கு வந்ததும் வாயைத் திறந்தபடி மரம்போல நிற்கிறான். குரல் ஒரு பக்கம் கத்துகிறது, இவன் வாய் அசையவில்லை. பழைய வருடங்களில் இதே காட்சியில் கயிறு வீசுகிற தோழனாக நடித்தவன்தான், வசனம் தெரியாதா என்ன? மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு மறுபடி நின்றான். மறுபடியும் அப்படியேதான்.

ஜனவரி 9, வெள்ளி

கொடியேற்றம். ஊரே திரண்டது, ஜெசிந்தாவைக் காணோம். அவள் மகள் மட்டும் பக்கத்து வீட்டாரோடு வந்திருந்தாள். முதல் வகுப்புப் படிக்கிறாள். கோயில் முற்றத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டே நடக்கிறாள். வெடிக்குப் பயப்படுகிறாயா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினாள். வெடி இன்னும் போடவே ஆரம்பிக்கவில்லை. பிள்ளையை இப்படிப் பயந்தாங்கொள்ளியாக வளர்க்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். காதிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 11, ஞாயிறு

மறுபடியும் அதே புகார். என் முன்னால் ஓடுகிறது, நான் நகர்ந்தால் நின்றுவிடுகிறது. பேய் பிடித்த கன்சோல் என்று ஊரில் பேச்சு. கருவியை மந்திரிக்கச் சாமியாரை அழைக்கலாமா என்றுகூட யாரோ கேட்டிருக்கிறார்கள்.

இன்று வீட்டுக்குப் போவதுபோலப் போய், பாதி வழியில் திரும்பி வந்தேன். மேடையில் சந்தியாகு அண்ணன் தனியாக லேப்டாப் முன்னால் இருந்தார். என்னைப் பார்த்ததும் மூடிவிட்டார். மூடுவதற்கு முன்னால் திரையில் ஒரு சிவப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டேன். 8001 என்ற எண்ணை வேறொரு நிரல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று அதில் இருந்தது.

இதைப் போர்ட் என்பார்கள். முகவரி ஒரு வீடு என்றால் போர்ட் அந்த வீட்டின் வாசல். ஒரு லேப்டாப்புக்கு ஆயிரக்கணக்கான வாசல்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிரல்தான் உட்கார முடியும். கன்சோல் அனுப்பும் பதில் 8001இல் வருகிறது. அதைக் கேட்டால்தான் வசனம் ஓட்டும் நிரல் அடுத்த உத்தரவைக் கொடுக்கும். அந்த வாசலில் வேறு யாரோ முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட்டார்கள். யார் என்று நாளைக்குப் பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. இதற்குப் போய் இவர் ஏன் இப்படி வியர்த்து வழிகிறார் என்றுதான் புரியவில்லை.

ஜனவரி 12, திங்கள்

சந்தியாகு அண்ணன் காலைச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். எந்த வாசலில் எந்த நிரல் இருக்கிறது என்று காட்டச் சொல்லி ஒரு கட்டளை போட்டேன்.

வசனம் ஓட்டும் நிரல்கள் இரண்டு இருந்தன. ஒன்று எட்டு வருடமாக இருக்கும் பழையது. இன்னொன்று புதியது, போன வாரம் போட்டது. லேப்டாப்பைத் திறந்ததுமே பழையது தானாக எழுந்திருக்கும்படி வைத்திருக்கிறார். அதன் ஜன்னலை மூடினாலும் அது போவதில்லை, பின்னால் நின்றுகொண்டு 8001ஐ விடாமல் பிடித்திருக்கிறது. புதியது வந்து பார்க்கிறது, இடம் இல்லை என்று நின்றுவிடுகிறது. லைட் எப்படி வரும்? என் முன்னால் பழையதை ஓட்டுகிறார், நான் நகர்ந்ததும் புதியதை ஓட்டிப் பார்க்கிறார். பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

எதற்கு இரண்டு? பழையதை நிறுத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு புதியதில் இருந்ததைக் கேட்டேன்.

முதலில் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. முதல் காட்சியில் லிகோரி, கல்யாணக் காட்சியில் லிகோரி, சுங்கக்காரனைக் கிண்டல் செய்கிற இடத்தில் அதே சிரிப்பு. புயல் காட்சிக்கு வந்தேன். இடி, அலை, தோழர்கள் "பாவுலு, பிடி, பாவுலு" என்று கூப்பிடுகிறார்கள். அதன் பிறகு அவன் கத்த வேண்டிய இடத்தில் வெறும் அலை. வேறு குரல்கூட இல்லை. அவன் கத்துகிற நீளத்துக்கு அலை அடிக்கிறது, பிறகு அடுத்த காட்சியின் மணி கேட்கிறது.

சந்தியாகு அண்ணன் கை கழுவிய ஈரத்தோடு வந்து நின்றார். வேறு யாரிடமாவது சொல்லிப் பேசவைக்கத்தான் முதலில் பார்த்தாராம். ஊரில் ஒருவரும் அந்த வசனத்தைப் பேச ஒத்துக்கொள்ளவில்லையாம். பக்கத்து ஊரில் கேட்டாராம், விஷயம் தெரிந்து அங்கேயும் மாட்டேன் என்றுவிட்டார்களாம். அதனால் வெட்டிவிட்டு அலையை ஒட்டினாராம். யார் செய்யச் சொன்னது என்று கேட்டேன்.

"ஜெசிந்தா கேட்டா. இல்லன்னு சொல்ல முடியல, கித்தேரி. உன்கிட்ட சொல்லவும் முடியல. ஒத்திகையில உனக்கு ஒண்ணும், திருவிழாவுல ஊருக்கு ஒண்ணும் ஓட்டிரலாம்னு நெனச்சேன்."

நாடகம் நடக்கிற அன்று நான் லைட்டில் மூழ்கியிருப்பேன், கவனிக்கமாட்டேன் என்று கமிட்டியாரும் இவரும் நினைத்தார்களாம். என் தம்பியின் குரல் நிற்பதைக் கவனிக்கமாட்டேனாம்.

புதிய நிரலை வேறு எண்ணுக்குத் தள்ளினேன். இனி அது கன்சோலின் பதிலைக் கேட்கவே முடியாது. பழையதை 8001இல் உட்காரவைத்துப் புயல் காட்சியை ஓட்டினேன். எல்லா ஸ்பீக்கரையும் முழுச் சத்தத்தில் வைத்தேன். இரண்டாம் தடவையும் ஓட்டினேன். சந்தியாகு அண்ணன் மேடையைவிட்டு இறங்கிப் போனார்.

ஜனவரி 13, செவ்வாய்

சண்டை போடத்தான் ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்கிறபோதே பார்த்தேன். அவள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறது, வாய் நேராக அவள் ஜன்னலைப் பார்த்து. ஜன்னலுக்குள் பழைய சேலையைத் திணித்து அடைத்திருந்தாள்.

நான் ஆரம்பிக்கும் முன்னால் அவளே பேசினாள். சத்தம் போடவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைக்கவும் இல்லை.

"மைனி, ஒரு நாளைக்கு எத்தனை தடவ அதப் போடுதீய? இந்தப் பிள்ள என்கிட்ட கேக்கா, அப்பா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களே, யாரும் ஏன் போக மாட்டேங்காங்கன்னு. நான் என்ன சொல்ல?"

அது நாடகம் என்று சொல்லவேண்டியதுதானே என்றேன். சொன்ன உடனேயே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நாடகம்தான். ஆனா ஸ்டார்வின் அண்ணன் கரையேறுன மறுநாள் வந்து சொன்னாவளே, அதுவும் நாடகமா? கயிறு வீசிருக்காவ. எட்டல. திரும்பத் திரும்ப வீசிருக்காவ. இன்னும் வீசு, இன்னும் வீசுன்னு தண்ணியில கெடந்து உங்க தம்பி கத்திருக்காவ. உங்க வீட்டுக்கும் சொல்லத்தான் வந்தாவ. நீங்க கதவத் திறக்கல."

ஆமாம், திறக்கவில்லை. புயல் செய்தி கேட்டு ஊருக்கு ஓடிவந்திருந்தேன், அன்று ஸ்டார்வின் கதவைத் தட்டியது எனக்குக் கேட்டது. அவன் சொல்லப்போவது என்னவென்று தெரியாமலா இருந்தது? கேட்காமல் இருந்தால் நடக்காமல் போய்விடும் என்பதுபோல உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

ஜெசிந்தா சுளகைக் கீழே வைத்தாள். மற்ற இடத்தில் எல்லாம் அவர் குரல் இருக்கட்டும், சிரிக்கிறது, பாடுகிறது, எல்லாம் இருக்கட்டும், அது எனக்கும் வேண்டும் என்றாள். அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னாள். நான் கிளம்பினேன். பிள்ளை கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு தலையணையும் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தன. அங்கேயே இருந்து பழகிவிட்டது போலிருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். லைட் சரியாக மாறுகிறதா என்று பார்ப்பதற்கு ஸ்பீக்கர் வேண்டியதில்லை. திரையில் எண்ணைப் பார்த்தாலே போதும். கல்லூரியில் அப்படித்தான் செய்கிறேன், சத்தமே இல்லாமல். ஆறாம் தேதி முதல் தடவையே எல்லாம் சரியாக ஓடியது. அரை நொடியும் பிந்தவில்லை. எனக்கு அவன் குரல் வேண்டியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 14, புதன்

பழையதைத் தானாக எழாதபடி நிறுத்தினேன். 8001ஐப் புதியதற்குக் கொடுத்தேன். ஸ்பீக்கரை அணைத்து வைத்துவிட்டு ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

ஜனவரி 16, வெள்ளி

திருவிழாவின் எட்டாம் நாள். ஆசீர்வாதம் முடிந்ததும் நாடகம் ஆரம்பித்தது. மணல் முழுக்கக் கூட்டம். முன்வரிசையில் கரையேறியவர்களின் குடும்பங்கள், உடல் ஒதுங்கியவரின் அம்மா. ஜெசிந்தா வரமாட்டாள் என்று நினைத்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, கூட்டத்தில் உட்காராமல், கன்சோல் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன்.

கல்யாணக் காட்சியில் லிகோரி சிரித்தான். பிள்ளையும் சிரித்தது. அப்பா என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது. சுற்றி இருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருந்தார்கள், அதற்காக அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

புயல் காட்சி வந்தது. இதுவரை எல்லா வருடமும் இந்த இடத்தில் என் இரண்டு கையும் ஓடிக்கொண்டிருக்கும். வெளிச்சத்தைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. இன்று மின்னல் தானாக வந்தது, நீலம் தானாக வந்தது. எனக்குச் செய்ய ஒன்றும் இல்லாததால் மேடையைப் பார்த்தேன். பாவுலு பெட்டியைத் தள்ளிவிட்டான். தோழர்கள் கூப்பிட்டார்கள். எல்லா விளக்கும் அணைந்து ஒற்றை நீலம் ஸ்டார்வின்மேல் நின்றது.

அலைச் சத்தம் மட்டும்தான். வாயசைக்க அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஒத்திகையில் குரல் கத்தியபோதெல்லாம் வாயைத் திறந்துகொண்டு மரம்போல நின்றவன், இப்போது வாயை அசைத்தான். முழு வசனத்தையும் அசைத்தான். கயிறு எட்டவில்லையே, இன்னும் வீசுங்கள், இன்னும் வீசுங்கள். நிஜமாகவே பேசினானா, உதடு மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வார்த்தைகளை அவன் ஒரு முறை கடலில் நேராகக் கேட்டிருக்கிறான், கரையேறிய மூவரைத் தவிர ஊரில் வேறு யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது, லிகோரி அன்றைக்கே செத்துப்போனான் என்று. உடல் ஒதுங்காவிட்டாலும் செத்துப்போனான். நான் அழுதேன். மேசையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே அழுதேன். அடுத்த காட்சியின் மணி அடித்தது, யாரும் தொடாமலே மேடையில் மஞ்சள் வெளிச்சம் வந்தது.

நாடகம் முடிந்து கேபிள் சுருட்டுகிற நேரத்தில் ஸ்டார்வின் வந்து தள்ளியே நின்றான். வேஷம் இன்னும் கலைக்கவில்லை. வீட்டுக்கு வா, அன்றைக்குச் சொல்ல வந்ததைச் சொல்லு என்றேன். சரிக்கா என்றான்.

ஜனவரி 18, ஞாயிறு

ஸ்டார்வின் வந்து எல்லாம் சொன்னான். அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஜனவரி 19, திங்கள்

கொடி இறக்கியாயிற்று. ஸ்பீக்கரை எல்லாம் கழற்றிவிட்டார்கள். கன்சோலைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, இரண்டு முகவரியையும் வாசல் எண்ணையும் மூடியில் ஒட்டிவைத்தேன். அடுத்த வருடம் வேறு யாராவது பார்த்தாலும் குழப்பம் வரக்கூடாது.

பிறகு நானும் ஜெசிந்தாவும் லிகோரி பெயரில் பூசை கேட்கக் கோயில் அலுவலகத்துக்குப் போனோம். இரண்டு மாதமாக ஊருக்கு வரும்போதெல்லாம் நான் தனியாகப் போய்க் கேட்டதுண்டு, அவள் தனியாகப் போய்க் கேட்டதும் உண்டு. சேர்ந்து போவது இதுதான் முதல் தடவை. பூசைப் பதிவு எழுதும் உபதேசியார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு என்ன சங்கடம் என்று எனக்குத் தெரியும். நான் எப்போதும் கடலுக்குப் போனவன் சுகமாகத் திரும்பவேண்டும் என்று கேட்பேன். அவள் இறந்தவர்களுக்குக் கேட்கும் கருத்துக்குக் கேட்டிருப்பாள். ஒரே ஆளுக்கு இரண்டு விதமாகப் பூசை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், என்னிடம் சொல்லாமல்.

"என்ன கருத்துக்கும்மா?" என்று கேட்டார்.

ஜெசிந்தா என்னைத்தான் பார்த்தாள்.

"ஆன்ம இளைப்பாற்றிக்கு," என்றேன்.